கீரை ஆயாத ஐந்து வாரங்கள்

பதினொன்றரைக்கு ரிசல்ட் வந்துவிடும், அதைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் வருவார் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை. இந்த ஒன்றரை மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வீட்டில் என்றால் இந்நேரம் சோறு வடித்துக் குழம்பு கொதி வந்திருக்கும், நேரம் போவதே தெரியாது. இங்கே இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் நிமிஷம் ஒவ்வொன்றும் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டு மெதுவாகத்தான் இறங்குகிறது. இவர் வாயைத் திறந்தபடி தூங்குகிறார். இடது மூக்கில் பஞ்சு அடைத்திருக்கிறார்கள், பஞ்சின் நுனியில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி, அது காலையில் பார்த்த அளவில்தான் இருக்கிறதா, பெரிதாகிவிட்டதா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். அதே அளவுதான். பக்கத்தில் போய்க் காது கொடுத்தால் நெஞ்சுக்குள் ஆபரேஷன் செய்து வைத்த உலோக வால்வு டிக் டிக் என்று அடிப்பது கேட்கும். ஒன்பது வருஷமாகக் கேட்கிறேன், முதல் மாதம் அந்தச் சத்தத்தில் தூக்கமே வரவில்லை, பிறகு அது கேட்டால்தான் தூக்கம் என்று ஆகிவிட்டது. இப்போது மேலே ஃபேன் போடும் இரைச்சலில் கேட்கவில்லை, அதனால் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். ஏறி இறங்குகிறது. முந்தாநாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "ஏளா, இங்க வா" என்று கூப்பிட்ட குரலில் ஒன்றுமே இல்லை, காப்பி கேட்கிறார் என்றுதான் போனேன், போனால் பேப்பர் முழுக்க ரத்தம், மூக்குக்குக் கீழே கையை ஏந்தி வைத்துக்கொண்டு, சிந்திவிடக் கூடாதே என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ஒரு துண்டு நனைந்தது, இரண்டாவது துண்டு நனைந்தது, பாளையங்கோட்டைக்கு வரும் ஆட்டோவில் மூன்றாவது துண்டும் நனைந்தது. என் சேலை முந்தியில் பட்டது இன்னும் காய்ந்து விறைப்பாக இருக்கிறது, வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வர எனக்கு மனசு வரவில்லை.

ஐ.என்.ஆர். என்று ஒரு டெஸ்ட். வால்வு வைத்தவர்கள் வீட்டில் நாள் நட்சத்திரத்தைவிட அந்த எண்தான் பெரிசு. வால்வில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க தினமும் சாயங்காலம் ஒரு மாத்திரை, அது சரியாக வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். மூன்றை ஒட்டி இருந்தால் நிம்மதி. இரண்டுக்குக் கீழே போனால் வால்வில் கட்டி பிடித்துவிடும், அது மூளைக்கு ஏறினால் ஒரு பக்கம் விழுந்துவிடும். மேலே போனால் ரத்தம் நிற்காது. முந்தாநாள் இவருக்கு ஏழு புள்ளி எட்டு. டாக்டர் எபனேசர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷமாக ஆடாமல் அசையாமல் இருந்த நம்பர் ஏன் இப்படித் துள்ளுகிறது, புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா, நாட்டு மருந்து, கஷாயம், லேகியம் ஏதாவது உண்டா, சாப்பாட்டில் மாற்றம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். பதில் சொன்னது இவர்தான், மூக்கில் பஞ்சோடு, கரகரத்த குரலில், பெருமையாகவே சொன்னார். "சாப்பாட்டுல என்ன சார் மாற்றம், எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான், முப்பத்தஞ்சு வருசமா ஒரே கை." அந்த ஒரே கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நான் நின்றேன். டாக்டர் என் பக்கம் திரும்பி, அப்படித்தானே என்பதுபோலத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்புதான் அன்றிலிருந்து என் கழுத்தில் வலிக்கிறது. இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவைத்திருக்கிறார்கள், இன்று எடுத்த ரத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் புது அளவு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். பழைய எட்டு மில்லிகிராம் வேண்டாம், பாதிதான் இனிமேல் என்று நர்ஸ் நேற்றே சொன்னாள், நல்ல செய்தி சொல்வது மாதிரிச் சொன்னாள்.

கீரை. இந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்லாமல் மூன்று நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். மதுரையில் ஆபரேஷன் முடிந்து இவரை டிஸ்சார்ஜ் செய்தபோது சாப்பாட்டு விஷயம் சொல்ல ஒரு சின்னப் பெண் வந்தாள், கண்ணாடி போட்டவள், கையில் ஒரு தாள். எல்லாம் சாப்பிடலாம், எண்ணெய் குறைக்கணும், உப்பு குறைக்கணும், கீரை மட்டும் ரொம்ப வேண்டாம், கீரை கூடினால் இந்த மாத்திரை வேலை செய்யாது என்றாள். இவருடைய அக்கா பிரமு மதினி அப்போது கட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அம்மா இல்லாத வீட்டில் இவரை வளர்த்து ஆளாக்கியவள், அவள் சொன்னால் எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது. அந்தப் பெண் வாசலைத் தாண்டியதும் மதினி தாளை வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு சொன்னாள், "கீரை ஆகாதுன்னு சொல்லுத ஆஸ்பத்திரிய இப்பதாம்ளா பாக்கேன். நெஞ்சப் பொளந்த ஒடம்பு, எவ்வளவு ரத்தம் போயிருக்கும். தெனமும் கீரை வையி. கேட்டா வைக்கலன்னு சொல்லிரு." இவ்வளவுதான். அன்றிலிருந்து மாதா மாதம் இந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்து, கீரை சாப்பிடுகிறாரா என்றால் இல்லை சார் என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கைகாலைக் கழுவிவிட்டு இவர் கீரை மசியலைப் பிசைந்து சாப்பிடுவார். பொய் சொல்கிறோம் என்றே தோன்றியதில்லை. டாக்டரிடம் பொய் சொல்வது வேறு, கீரையைப் பற்றிப் பொய் சொல்வது வேறு என்று நினைத்திருந்தோம் போலிருக்கிறது. டாக்டர் மூன்று மில்லிகிராமில் ஆரம்பித்தார், நம்பர் ஏறவில்லை என்று நாலாக்கினார், ஐந்து, ஆறு, கடைசியில் எட்டு. இவ்வளவு யாருக்கும் கொடுத்ததில்லை என்று ஒருமுறை சொன்னபோது இவர் தன் உடம்பு உரமான உடம்பு என்று எடுத்துக்கொண்டு பிரமு மதினியிடம் போய்ச் சொன்னார், அவள் அதைக் கீரையின் புண்ணியத்தில் சேர்த்துக்கொண்டாள்.

கீரை சாப்பிடுகிறவர்களுக்குக் கீரை என்றால் தட்டில் பச்சையாக ஒரு ஓரம். ஆய்கிறவளுக்குத்தான் அது என்ன என்று தெரியும். அரைக்கீரை என்றால் கிள்ளக் கிள்ளத் தீராது, முருங்கை என்றால் காம்பு காம்பாக உருவி, பழுத்ததை விலக்கி, முட்டை வைத்திருக்கிறதா என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், தண்டங்கீரை என்றால் மண் ஐந்து தண்ணீருக்கும் போகாது. ஒரு கட்டுக்கு முக்கால் மணி நேரம். பிறகு தேங்காய் அரைத்து ஊற்றவோ, பருப்பு போட்டுக் கடையவோ, தாளித்து ஒரு சொட்டு நெய் விட்டு இறக்கவோ, அது தனி. ஒன்பது வருஷம், தினமும் ஒரு கட்டு, தீட்டு தீபாவளி என்று ஒரு நாளும் தப்பியதில்லை, காய்ச்சலில் படுத்த நாளும் உட்கார்ந்து ஆய்ந்திருக்கிறேன். கட்டைவிரல் நகம் எப்போதும் கறுத்தே இருக்கும். கோமு, எங்கள் பெண், கோயம்புத்தூரிலிருந்து வரும்போதெல்லாம், என்னம்மா நகம் இப்படி, மருதாணியாவது வை என்பாள். வலது கை நடுவிரல் இரண்டு வருஷமாக மடக்கினால் நிமிராது, இடது கையால் பிடித்து நிமிர்த்தி விட வேண்டும், டக் என்று ஒரு சத்தத்தோடு நிமிரும். கண்ணில் வேறு புரை விழுந்துகொண்டிருக்கிறது, இலைக்கும் பூச்சிக்கும் வித்தியாசம் தெரிய வாசல் வெளிச்சத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது. சொன்னால் ஒரு கட்டுக் கீரைக்கு இவ்வளவு பேச்சா என்பார்கள். நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், ஒரு கட்டுக் கீரைக்கு இவ்வளவு பேச்சா, ஆவுடை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. அரைக்கீரை வெந்து, மத்தைப் போட்டுக் கடையும்போது சட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு புழு மிதந்தது. பச்சைப் புழு, வெந்து வெளுத்திருந்தது. நான் பார்த்துப் பார்த்து ஆய்ந்தது, என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. எடுத்துப் போட்டுவிட்டுப் பரிமாறியிருக்கலாம், பலபேர் அப்படித்தான் செய்வார்கள். நான் சட்டியோடு கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அவரைக்காய் வைத்தேன். மறுநாள் காலையில் கீரைக்காரம்மா வாசலில் நின்று கூப்பிட்டாள், எக்கா, முருங்கக்கீரை இளசா இருக்கு என்றாள், நான் அடுப்படியில்தான் இருந்தேன், பதில் சொல்லவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். குளிக்கப் போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் போய்விட்டாள். திருடி மாதிரி நின்றதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நாலாவது நாள் அவளும் எங்கள் வாசலில் நிற்பதை விட்டுவிட்டாள். பூசணி, புடலை, வாழைக்காய், கத்தரிக்காய் என்று மாறி மாறி வைத்தேன், எல்லாம் ருசியாகத்தான் வைத்தேன், இவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பார் கேட்பார் என்று முதல் வாரம் முழுக்க ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு திரிந்தேன். கேட்கவே இல்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் நான் என்ன செய்தேன் என்றால் ஒன்றும் செய்யவில்லை. வெறுந்தரையில் படுத்தேன். சிமெண்ட் தரையின் குளிர்ச்சி முதுகில் ஏறும், மேலே உத்தரத்தில் பல்லி ஒன்று இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். சந்தோஷமாக இருந்தது. அதுதான் உண்மை, எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்படிப் படுத்திருந்தபோதெல்லாம் இவர் உடம்புக்குள் ரத்தம் நீர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. முன்னங்கையில் ஊதா நிறத்தில் ஒரு திட்டு, கதவில் இடித்துக்கொண்டேன் என்றார், பல் தேய்க்கும்போது எச்சிலில் சிவப்பு, பிரஷ் புதுசு என்றார். நானும் சரி என்றேன். மாதாந்திர டெஸ்டுக்கு நாள் வந்தது, மழை பெய்கிறது என்று பத்து நாள் தள்ளிப் போட்டோம். தெரிந்தா செய்தேன்? இந்த இடத்தில்தான் வந்து வந்து முட்டிக்கொள்கிறேன். கீரை கூடினால் மாத்திரை வேலை செய்யாது என்று அந்தக் கண்ணாடிப் பெண் சொன்னது எனக்கு மறக்கவில்லை, கீரை கடையும்போதெல்லாம் ஒருதரம் வந்துவிட்டுத்தான் போகும். அப்படியென்றால் கீரை நின்றால் மாத்திரை கூடுதலாக வேலை செய்யும் என்று தெரிய என்ன பெரிய படிப்பு வேண்டும். கூட்டல் தெரிந்தவளுக்குக் கழித்தல் தெரியாதா. தெரிந்திருக்கும், உள்ளே எங்கேயோ தெரிந்திருக்கும், தெரிந்தும் தரைக்குளிர்ச்சி போதும் என்று படுத்திருந்தேனோ. இல்லை. சத்தியமாக இல்லை. கொல்லைப்படியில் உட்கார்ந்தபோது எனக்கு இவர் ஞாபகமே இல்லை, என் விரல் ஞாபகம்தான் இருந்தது. இவர் ஞாபகமே இல்லை என்பது மட்டும் நல்லதா என்ன. ஆபரேஷன் அன்று எட்டு மணி நேரம் தியேட்டர் கதவுக்கு வெளியே நின்றவள் நான்தான், இந்த மனுஷன் பிழைத்து வந்தால் போதும், காலமெல்லாம் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டவளும் நான்தான். காலமெல்லாம் என்றால் எவ்வளவு நீளம் என்று அப்போது தெரியவில்லை. இப்போது தூங்குகிற முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, கன்னம் ஒட்டி, இரண்டு நாள் தாடி வெள்ளையாக முளைத்து. இவர் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று பயம் வருகிறது. அதே நேரத்தில், ஐந்து வாரமாகத் தட்டில் கீரை இல்லாதது தெரியாத மனுஷனுக்கா ஒன்பது வருஷம் ஆய்ந்தோம் என்று கோபமும் வருகிறது. இரண்டும் ஒரே வயிற்றில்தான் கிடக்கின்றன. எனக்குக் களைப்பாக இருக்கிறது.

பத்தே முக்காலுக்குப் பிரமு மதினி போன் செய்தாள். வராந்தாவில் போய்ப் பேசினேன். அவள் ரிசல்ட் கேட்கவில்லை. மூணு துண்டு நனையுற அளவு ரத்தம் போயிருக்கே, அத ஏத்தாண்டாமா என்று ஆரம்பித்தாள். முருங்கைக்கீரை ஒரு கூடை உருவி சூப்பு வைத்துக்கொண்டிருக்கிறாளாம், பன்னிரண்டு மணிக்கு ஃபிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு வருகிறாளாம். வீட்டுக்குப் போன பிறகு ஒருவேளை போதாது, இரண்டு வேளையும் கீரை வைக்க வேண்டும், உனக்கு முடியவில்லை என்றால் சொல்லு, நானே வந்து அங்கே இருந்துகொள்கிறேன் என்றாள். சரி மதினி, சரி மதினி என்று நாலு தரம் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாத்திரை பாதியாகிறது. கீரை இரண்டு மடங்காகிறது. டாக்டருக்குக் கீரை விஷயம் தெரியாது, மதினிக்கு மாத்திரை பாதியாவது தெரியாது, இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான், நானோ தலையசைத்துவிட்டு நிற்கிறேன். வெளியே போகிற ரத்தத்தைத் துண்டால் பிடித்தோம், உள்ளே உறைகிற ரத்தத்தை எதால் பிடிப்பது. டிக் டிக் என்கிற அந்த வால்வுக் கதவு ஒருநாள் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், அப்போதும் டாக்டர் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்பார், வீட்டுச் சாப்பாடுதான் என்போம். சொல்ல வேண்டும். சொன்னால் ஒன்பது வருஷப் பொய்யும் சேர்ந்து வரும், மதினி பெயர் வரும், படுக்கையில் கிடக்கிறவருக்கு டாக்டர் முன்னால் தலைகுனிவு. அதோடு கேட்பார்கள், ஏனம்மா நிறுத்தினாய் என்று. அதற்கு என்ன சொல்வது. நோவு ஒன்றும் இல்லை, சண்டை ஒன்றும் இல்லை, சும்மா, முடியவில்லை. முடியவில்லை என்பதை ஒரு காரணமாக எங்கள் வீட்டில் யாரும் இதுவரை ஏற்றுக்கொண்டதில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி டிபன் டப்பாவைத் திறந்து, ஒரு வாய் சாப்பிடுங்கம்மா என்று நீட்டினாள். தயிர்சாதம். இந்த முப்பத்தைந்து வருஷத்தில் இன்னொருத்தி பிசைந்த சோற்றை நான் உட்கார்ந்த இடத்தில் வாங்கித் தின்றது எப்போது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டேன், உப்பு கொஞ்சம் குறைச்சல், தேவாமிர்தமாக இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு டாக்டர் வந்தார். இவர் விழித்துக்கொண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். நாலு புள்ளி ஒன்றுக்கு இறங்கியிருக்கிறது, நல்லது, நாளையிலிருந்து நாலு மில்லிகிராம் ஆரம்பிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் தாளில் பேனாவை வைத்தார். டாக்டர், ஒண்ணு சொல்லணும் என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன். "இவங்களுக்கு ஒம்பது வருசமா தெனமும் கீரை போட்டேன். ஒங்ககிட்ட இல்லன்னு சொல்லிட்டோம். இப்ப அஞ்சு வாரமா போடல. ஆஞ்சு ஆஞ்சு முடியல டாக்டர், நிறுத்திட்டேன்." இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு டாக்டரிடம், "இல்ல சார், அவளுக்கு ஞாபகம் இல்ல, போன வாரங்கூட சாப்பிட்டேனே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே சாப்பிட்டதாகத்தான் நினைக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போன வாரம் நீங்க சாப்பிட்டது புடலங்காய் என்று சொன்னேன்.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எட்டு மில்லிகிராம் ஏன் தேவைப்படுகிறது என்று நான் எத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன் தெரியுமா என்று கேட்டார். கீரையை எதிர்த்துத்தான் அவர் மாத்திரையை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார், கீரை நின்றதும் எட்டு மில்லிகிராமுக்கு எதிரில் ஆளே இல்லாமல் போயிருக்கிறது. இதைச் சொல்லாமல் நாலு மில்லிகிராமோடு வீட்டுக்குப் போய் மறுபடியும் கீரையை ஆரம்பித்திருந்தால், என்று சொல்ல வந்தவர் கட்டிலைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. கீரை கெடுதல் இல்லை, சாப்பிடுவதென்றால் தினமும் ஒரே அளவு, இல்லையென்றால் எப்போதும் இல்லை, இரண்டில் எதுவானாலும் அதற்கேற்றபடி மாத்திரையை மெல்ல மெல்லச் சரிசெய்துவிடலாம் என்றார். பிறகு பேனாவை எடுத்தார். "சொல்லுங்க, இனிமே கீரை உண்டா, இல்லையா?" இவர் முந்திக்கொண்டு, "போடுவா சார், அவளுக்கு அதெல்லாம் ஒரு வேலையா" என்றார். டாக்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அம்மாவைத்தான் கேக்குறேன்" என்றார்.

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வந்தது கொட்டாவிதான். அதைக் கையால் மறைத்துக்கொண்டு, "இல்லன்னே எழுதுங்க டாக்டர்" என்றேன். அவர் எழுதினார், அடுத்த வாரம் கட்டாயம் டெஸ்டுக்கு வர வேண்டும், மழை பெய்தாலும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். இவர் கொஞ்ச நேரம் கையில் இருந்த ஊதாத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அக்கா வருவாளே, அவகிட்ட என்னத்தச் சொல்லுதது?" என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே பயமாகத்தான் இருந்தது, பாவம். கட்டிலுக்கு அடியில் இருந்த பாயை இழுத்து விரித்தேன்.

"நீங்களே முழிச்சிருந்து சொல்லுங்க. நான் கொஞ்சம் படுக்கேன்."